பெட்டி இல்லாத பாட்டு

போன வாரம் பெரியவளைத் தையல் மெஷின் முன்னால் உட்காரவைத்துவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நாடகத்துக்கான உடுப்பெல்லாம் தயார். ஒரே ஒரு நீல அங்கிதான் பாக்கி. நீல நூல் கிடைக்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீல நூல்கண்டு அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே உருண்டுகொண்டிருந்தது.

அங்கி சின்னவளுக்கு. அதுதான் விஷயம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னவள் பெரியவளின் ஓரகத்தி. கொழுந்தன் வேறு மதத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது மாமியார் மகனை மட்டும் உள்ளே வரச் சொன்னார். அவனுக்கும் ரோஷம் உண்டே. இருவரும் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு மேலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மருமகள் என்றால் பெரியவள் ஒருத்திதான். ஊருக்கு முன்னால் "ஐயோ, அந்தப் பொண்ணு பாவம்" என்று உச்சுக்கொட்டினாலும், உள்ளுக்குள் அவளுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

மதம் வேறு என்றாலும் தூரம் அதிகமில்லை. ஒரே தெரு, ஒரே மதில், இரண்டு பக்கமும் இரண்டு வழிபாட்டுக் கூடங்கள். மாமியாரின் கூடத்தில் பெட்டி வைத்துப் பாடுவார்கள். பெட்டி என்றால் ஆர்மோனியம். வாசிப்பவர் பெரியவளின் கணவர். சின்னவள் பிறந்து வளர்ந்த கூடத்தில் வாத்தியமே கிடையாது, வெறும் தொண்டைதான். ஒருமுறை இந்தப் பக்கத்துப் பெட்டிச் சத்தம் அந்தப் பக்கத்துப் பிரார்த்தனைக்குள் புகுந்துவிட்டது என்று பேச்சு வந்து, பேச்சு ஏச்சாகி, மதிலை உயர்த்திக் கட்டியதோடு இரண்டு பக்கமும் முகம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

அந்த மதிலை நாடகத்தால் இடிக்கிறேன் என்று கிளம்பியவர்தான் தாடிக்காரர். பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு காலிக் கிடங்கைப் பிடித்து, தெருவில் பாடத் தெரிந்தவர்களையும் நடிக்க ஆசைப்பட்டவர்களையும் இழுத்துக்கொண்டு வந்தார். அவரிடம் இரண்டு சட்டங்கள். உன் பாட்டை நீ பாடக் கூடாது, மதிலுக்கு அந்தப் பக்கத்து ஆளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். நாடகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போகக் கூடாது, உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்படித்தான் பெரியவள் தன் பாட்டைக் கொண்டுபோய்ச் சின்னவள் கையில் கொடுக்கும்படி ஆயிற்று. இன்று மாலை இரண்டு கூடத்துப் பெரியவர்களும் வந்து பார்க்கப்போகிறார்கள். அவர்கள் தலையசைத்தால் நாடகம் மேடையேறும். வருகிறவர்களில் மாமியாரும் ஒருவர்.

அங்கியை அளவு பார்க்க சின்னவள் தையல் கடைக்கு வந்தபோது பெரியவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவள் காலடியில் மண்டியிட்டிருந்தாள். மண்டியிட வேண்டியிருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. விளிம்பை மடித்து ஊசி குத்தும்போது சின்னவள் தலைக்கு மேலே மெல்லப் பாடிப் பார்த்துக்கொண்டாள்.

பாடினாள் என்றா சொன்னேன். வழியவிட்டாள். அலட்டல் இல்லை, முக்கல் இல்லை. இதே பாட்டுக்குப் பெரியவள் கழுத்து நரம்பு புடைக்கும். இவளுக்கு என்னடாவென்றால் பேசுவதுபோல வருகிறது. அடுத்த கடையில் பூட்டுச் சாவி செய்கிறவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவள் பாடிய எத்தனையோ நாளில் அந்த மனுஷன் அரத்தைக் கீழே வைத்ததே இல்லை.

மூன்றாவது அடி வந்தது. அதில்தான் இறைவனின் பெயர் வரும். பேரருளாளனே என்று கீழே தொடங்கி, உச்சிக்கு ஏறி, நின்று, இறங்க வேண்டும். ஒரே மூச்சு. மாமியாரின் கூடத்தில் பெயரின் நடுவே மூச்செடுப்பதற்குப் பெயரை வெட்டுவது என்று சொல்வார்கள். பெயரை வெட்டியவள் பாடுகிறவர்களின் வரிசையிலிருந்து எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். மாமியார் அப்படி எழுப்பிவிட்ட பெண்கள் இன்னும் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாக முன்னால் வந்து உட்கார்ந்தவள்தான் பெரியவள்.

சின்னவள் பேரரு என்று ஏறினாள். ஒரு சின்ன மூச்சு எடுத்தாள். ளாளனே என்று இறங்கினாள்.

பெரியவளின் கை நின்றுவிட்டது. இது சின்னவளின் மூச்சு அல்ல. அவளுடையது.

யாருக்கும் தெரியாத சங்கதி இது. பெரியவளுக்கு அந்த உச்சியில் மூச்சு எட்டாது. என்றைக்குமே எட்டியதில்லை. ஆனால் அந்த இடம் வரும்போது பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவள் கணவர் துருத்தியை ஓங்கி அழுத்துவார். பெட்டி கூடத்தையே நிரப்பும். அந்த மறைப்பில் அவள் ஒரு திருட்டு மூச்சு எடுத்துக்கொள்வாள். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. கல்யாணமான புதிதில் முதல்முறை அவர் அப்படி வாசித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. மனுஷன் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதவர்; ஆனால் என் மானத்தை மூடிவைக்கத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டாள். நகை நட்டைவிட அதைத்தான் அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

அதை இவள் எப்படிப் பிடித்தாள்? கற்றுக்கொடுத்த முதல் நாளே சின்னவள் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. எங்களுக்குப் பெட்டி கிடையாது அக்கா, சொல்லிக்கொடுக்கிறவங்க மூச்சைத்தான் கேட்போம், எங்க இழுக்கணும் எங்க விடணும்னு மூச்சுதான் சொல்லும், மூச்சும் பாட்டுல சேர்த்திதான் என்றாள். அப்போது அது காதில் ஏறவில்லை. தையல் கடையில் பெரியவள் பெட்டி இல்லாமல் உட்கார்ந்து, மூச்சை ஒளிக்கத் தோன்றாமல் பாடிக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் சொல்லை விட்டாலும் மூச்சை விடாமல் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். வாயில் ஊசி இருந்தது என்பது உண்மைதான். ஆனால் ஊசியை எடுத்துவிட்டுப் பேச முடியாதா என்ன?

அவள் சொல்லவில்லை. கிடங்கில் எப்படியும் பெட்டி இருக்கும், பெட்டி மூடிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சமாதானமும் நிலைக்கவில்லை. சின்னவள் கிளம்பிய கையோடு தாடிக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் புதிதாக ஒரு யோசனை உதித்திருந்தது. அந்தப் பக்கத்துப் பாட்டைப் பெரியவள் பெட்டியோடு பாடட்டும், இந்தப் பக்கத்துப் பாட்டைச் சின்னவள் பெட்டி இல்லாமல் அவர்கள் முறையில் பாடட்டும். பாட்டு மட்டும் மதிலைத் தாண்டினால் போதுமா, பாடுகிற முறையும் தாண்ட வேண்டாமா என்று தாடியை நீவிக்கொண்டு கேட்டார். பெட்டி மேடையிலேயே இருக்கும், ஆனால் மூடியிருக்கும்.

நல்ல யோசனை என்று பெரியவள் சொன்னாள்.

மத்தியானம் கணவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவருடைய கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள், அதைச் சந்தேகப்பட வேண்டாம். அவர் ஒரு மூக்குக் கண்ணாடியின் திருகாணியை இறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினார்.

"நேத்து ஒத்திகையில சின்னவ பாடினா பாரு. எனக்கே அந்தப் பாட்டைப் புதுசா கேக்கற மாதிரி இருந்துச்சு."

பெரியவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தாள்.

"பழசை யாரு பாடினா?" என்று கேட்டாள்.

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். எதையோ மிதித்துவிட்டோம் என்று புரிந்தது, எதை என்று புரியவில்லை. நீ பாடுறதும் நல்லாத்தான் இருக்கும் என்றார். அந்த 'தான்' இருக்கிறதே, அது ஒரு முள். தொண்டைவரை வந்திருந்த விஷயத்தை அவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு மட்டும் இன்னைக்குப் பிடிச்சுப்போச்சுன்னா தம்பியும் அவளும் வீட்டுக்கு வந்துடுவாங்க, முன்ரூமை காலி பண்ணிக் கொடுத்துடலாம் என்று அவர் வேறு சொல்லிக்கொண்டு போனார். முன்ரூமில்தான் அவள் ஓய்வாக உட்கார்ந்து பாடிப் பழகுவாள்.

பாடட்டும், என்று நினைத்தாள். பெட்டி இல்லாமல் பாடட்டும். அத்தை காதில் விழட்டும். நானா வெட்டச் சொன்னேன்?

மாலையில் கிடங்கு நிறைந்திருந்தது. சரக்கு ஏற்றும் பலகைகளை அடுக்கி மேடை. ஒரு பக்க நாற்காலிகளில் ஒரு கூடத்துப் பெரியவர்கள், மறுபக்கத்தில் மற்றவர்கள், நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி. மாமியார் முதல் வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். அன்று வாசலில் நிறுத்திய பிறகு சின்னவளை அவர் பார்த்தது இதுதான் முதல்முறை. பார்த்தார் என்றும் சொல்ல முடியாது, அங்கியைப் பார்த்தார்.

நாடகம் சின்னதுதான். ஆஸ்பத்திரியில் ஒரு காத்திருக்கும் அறை. உள்ளே இரண்டு குழந்தைகள் உயிருக்குப் போராடுகின்றன. வெளியே முன்பின் தெரியாத இரண்டு தாய்மார்கள், வேறு வேறு மதம். ஒருத்திக்குத் துக்கத்தில் பிரார்த்தனை வாயில் வராமல் போகிறது. மற்றவள் அவளுக்காகத் தன் பாட்டைப் பாடுகிறாள். அப்புறம் அவளுக்காக இவள். பெரியவள் அந்தப் பக்கத்துத் தாயாகவும், சின்னவள் இந்தப் பக்கத்துத் தாயாகவும் நடித்தார்கள்.

முதலில் பெரியவளின் முறை. சின்னவள் கூடத்துப் பாட்டைப் பெட்டியோடு பாடினாள். எதிர்ப் பக்கத்துப் பெரியவர்கள் பெட்டி முழங்கியதும் முகத்தைச் சுளித்தார்கள், பிறகு சுளிப்பு மெல்லப் போனது, கம்பளிக் குல்லாய் போட்ட ஒருவர் முழங்காலில் தாளம்கூடத் தட்டினார். ஆனால் மாமியாரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெரியவளுக்குத் தேவைப்பட்ட முகம் அது ஒன்றுதான்.

கணவர் பெட்டியை மூடினார். சின்னவள் எழுந்தாள்.

முதல் அடியிலேயே கிடங்கு அடங்கிப்போயிற்று. இரண்டாவது அடியில் பெரியவள் மாமியாரைத் திருட்டுத்தனமாகப் பார்த்தாள். கல்போல இருந்த அந்த முகம் இளகிக்கொண்டிருந்தது. உதடு கூடவே அசைந்தது. பெரியவள் பாடும்போது ஒருநாளும் அந்த உதடு அசைந்ததில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அது பக்தியால் அல்ல.

மூன்றாவது அடி.

பேரரு, என்று ஏறியது குரல். மூச்சு. அந்த நிசப்தத்தில் அந்தச் சின்ன மூச்சு கடைசி நாற்காலிவரை கேட்டது. ளாளனே என்று இறங்குவதற்குள் மாமியார் எழுந்து நின்றுவிட்டார்.

"பெயரை வெட்டிட்டா" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

பாட்டு நின்றது. இந்தப் பக்கத்து நாற்காலிகளில் முணுமுணுப்பு எழுந்தது. வேறு மதத்தவள் வாயில் நம் பெயரைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவர் காதில் விழும்படியே சொன்னார். அந்தப் பக்கத்தில் குல்லாய்க்காரர் எழுந்து, எங்கள் பெண்ணைக் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்தத்தான் இந்த ஏற்பாடா என்று தாடிக்காரரைக் கேட்டார். நாற்காலிகள் தரையில் உரசின. தாடிக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இடைவெளியில் நின்றார். அவர் நாடகம் அதோடு நிற்கும், மதிலும் அப்படியே நிற்கும் போலிருந்தது.

சின்னவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மூச்சு அங்கேதானே வரும் என்று மெதுவாகக் கேட்டாள்.

"யாரு சொன்னது?" என்றார் மாமியார். வீட்டுக்கு வந்த மருமகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சின்னவளின் பார்வை பெரியவளிடம் வந்தது. ஒரு நொடிதான். அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது பெரியவளுக்கும் புரிந்தது. பார்வை விலகியது.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் எடுத்துட்டேன். என் தப்பு."

இனி நடந்தது பெரியவளின் நல்ல மனசால் நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் எழுதக் கூடாது. அவளுக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். குரலிலும் சின்னவள் முந்திக்கொண்டாள், கணவரின் பாராட்டிலும் முந்திக்கொண்டாள், அத்தையின் உதட்டையும் அசைத்துவிட்டாள், இப்போது அடுத்தவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நல்லவள் என்ற பேரையும் வாங்கிக்கொண்டு போகிறாளா? அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பெரியவள் என்ன மரக்கட்டையா?

பெரியவள் சின்னவளைத் தள்ளாத குறையாக மேடை நடுவுக்கு வந்தாள்.

"அது அவ மூச்சு இல்லை அத்தை. என்னோடது" என்றாள்.

கணவரின் கை பழக்கதோஷத்தில் பெட்டியின் மூடிக்குப் போனது. வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். பிறகு, இத்தனை வருஷமாக முன்வரிசையில் உட்கார்ந்து பாடிய அந்த மூன்றாவது அடியை, பெட்டி இல்லாமல், எல்லார் காதிலும் விழும்படி பாடினாள். பேரரு. மூச்சு வந்தது. அதே இடம், அதே அளவு. ளாளனே. சின்னவளின் குரலில் அந்த மூச்சாவது அழகாக இருந்தது. பெரியவளிடம் அது இரைந்தது.

பார்க்க வந்திருந்த பின்வரிசைப் பெண்களில் ஒருத்தி வாயில் கைவைத்துக்கொண்டாள்.

முதலில் பேசியவர் குல்லாய்க்காரர்தான். அவர் கோபம் போன இடம் தெரியவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார். எங்க பக்கத்துல இதை யாரும் தப்புன்னு சொல்ல மாட்டோம், உங்க பக்கத்துல தப்புன்னா இத்தனை நாள் யாருக்குமே எப்படிக் கேட்காம போச்சு என்றார். கேட்டுவிட்டுப் பெட்டிக்காரரைப் பார்த்தார். நீங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்களே, உங்களுக்குத் தெரியாதா?

பெரியவளின் கணவர் பொய் சொல்லிப் பழகாதவர். உண்மை பேசியும் அதிகம் பழகாதவர். மூடியின் மேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்து யோசித்துச் சொன்னார்.

"அந்த இடத்துல பெட்டியை ஓங்கி வாசிக்கணும். அதுதான் எனக்குத் தெரியும். ஏன்னு கேட்டதில்லை. பெட்டி பழகின சின்ன வயசுலயே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க."

"யாரு?"

பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமலே அவர் கண் முதல் வரிசைக்குப் போய்விட்டது. அவர் சின்ன வயதில் யாருடைய பாட்டுக்குப் பெட்டி வாசித்தார் என்பது இந்தப் பக்கத்து நாற்காலிகளுக்கெல்லாம் தெரியும். நின்றுகொண்டிருந்த மாமியார் முன்னால் இருந்த மேடைப் பலகையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

பெரியவள் மாமியாரைப் பார்த்தாள். அத்தைக்கும் எட்டாதா? அத்தை அவளுக்கு எதைக் கற்றுக்கொடுத்தார், எதைக் கற்றுக்கொடுக்காமல் விட்டார்? ஆனால் அந்தக் கேள்வி மனசில் நிற்கவே இல்லை. வேறொன்று அதைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஓங்கிய வாசிப்பு அவளுக்காகப் பிறந்ததில்லை. அவள் அந்த வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே இருந்தது.

தாடிக்காரர் சமயம் தெரிந்தவர். பார்த்துட்டுப் போகக் கூடாது, பேசிட்டுத்தான் போகணும்னு முதல்லயே சொல்லியிருக்கேன் என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் குல்லாய்க்காரர் நாற்காலியை இழுத்து, இடைவெளிக்குள்ளேயே போட்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கத்தில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

மாமியார் மட்டும் உட்காரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். மகனின் கை மறுபடி பெட்டியைத் திறக்கப் போனதைப் பார்த்து, அது வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு மேடையைப் பார்த்துச் சொன்னார்.

"சுருதியை எடு. நானும் பாடறேன்."

அவர் கேட்டது பெரியவளிடம் இல்லை.

சின்னவள் உடனே வாயைத் திறக்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி, எடுக்கட்டுமா என்பதுபோலப் பார்த்தாள். அந்த மரியாதையும் பெரியவளுக்கு எரிந்தது. எரிந்தாலும் தலையசைத்தாள். சின்னவள் சுருதியை எடுத்தாள், மாமியாரின் நடுங்கிய குரல் அதைத் தொட்டு முதல் அடிக்குள் நுழைந்தது, கிடங்கு முழுவதும் மூன்றாவது அடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

பெரியவள் காத்திருக்கவில்லை. அவள் மூடிய பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனுஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும் அவரிடம் கேட்க அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. என் பக்கத்துல உட்கார்ந்து ஓங்கி வாசிச்சீங்களே, ஒரு தடவையாவது எனக்காக வாசிச்சீங்களா?